விசுத்திமார்க்கம் வகுத்த அருட்பயிற்சி

அன்பும் அருளும் பிறவிக் குணங்களென்றும், அவை இல்லாதார் முயன்று பெறுதல் இயலாதென்றும் கருதுவார் பலர். எண்ணும் எழுத்தும் போல அவையும் படிமுறையாகப் பயிலத்தக்கன என்று வகுத்துரைத்த பழைய நூல்களுள் ஒன்று இலங்கையிலேயே தோன்றியது. அதுவே விசுத்திமார்க்கம் என்னும் பாளி நூலாகும்.

கி. பி. 5ஆம் நூற்றாண்டில், மகாநாம மன்னன் காலத்தில், அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் இதனை இயற்றினார் என்பது மரபு. அவர் பிறப்பிடம் பற்றி அறிஞர் கருத்து வேறுபடுவர். ஆயினும், காஞ்சிபுரத்தில் அவர் தங்கியிருந்தமை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரையாற் புலனாகின்றது.

இந்நூலின் 23 இயல்களுள் 9ஆவது, மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பாவனைகளை விளக்குகின்றது. பிறர் நலம் விழைதல், பிறர் துயர் நீங்க விழைதல், பிறர் ஆக்கங்கண்டு மகிழ்தல், நடுவுநிலை நிற்றல் என்பன முறையே இவற்றின் பொருளாம். பதஞ்சலியாரின் யோகசூத்திரத்துச் சமாதிபாதம் 33ஆம் சூத்திரத்திலும் இந்நான்கும் இதே வரிசையில் வருகின்றன. அவர் இன்புறுவார், துன்புறுவார், அறஞ்செய்வார், மறஞ்செய்வார் என்னும் நால்வர்க்கும் இவற்றை முறையே பகுத்தளித்தார். புத்தகோசரோ ஒவ்வொன்றையும் எல்லா உயிர்களிடத்தும் விரிக்குமாறு பணித்தார்.

மைத்திரியைப் பயில்வோன் முதலில் தன் நலத்தையே நினைத்தல் வேண்டும். இது தன்னலம் அன்றோ எனின், அன்று. தான் இன்பம் விழைந்து துன்பம் அஞ்சுதலை உணர்ந்தவனே பிறரும் அத்தகையர் என உணர்வான். ஆதலின் தானே அதற்குச் சான்றாகின்றான். அடுத்து மதிப்பிற்குரிய ஆசிரியர், பின்னர் உற்ற நண்பர், அதன்பின் விருப்பு வெறுப்பிற்கு உரியரல்லாத அயலார், இறுதியிற் பகைவர் என நினைவு செல்லும். ஒருபடியில் உள்ளம் நெகிழ்ந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். பகைவரை நினைக்குங்கால் எழும் சினம் வேறெவ்வாற்றானும் தணியாவிடின், அவருக்கு ஒரு பொருளைக் கொடுக்கவோ அவரிடமிருந்து பெறவோ செய்க என்பது ஆசிரியர் கூறும் வழி.

பயிற்சி முற்றியதை அறிதற்கு அவர் ஒரு சோதனை கூறுகின்றார். தானும் நண்பரும் அயலாரும் பகைவரும் ஓரிடத்து இருக்கையிற் கள்வர் வந்து, பலியிடுதற்கு ஒருவரைத் தருமாறு கேட்கின்றனர். பிறரொருவரைக் கொடுக்க எண்ணுபவன் வேற்றுமை நீங்காதவன். தன்னையே கொடுக்க எண்ணுபவனும் அத்தகையனே. நால்வருள் எவரையும் கொடுத்தற்குரியராகக் காணாதவனே எல்லையைக் கடந்தவன். தன்னை வெறுத்தலும் பிறரை வெறுத்தல் போன்ற குறையே என்பது இதனாற் பெறப்படும்.

போலிகளையும் அவர் பிரித்துக் காட்டுகின்றார். மைத்திரிக்குப் பற்றும், கருணைக்குத் துயரமும் அருகிலிருக்கும் பகை. பிறர் துன்பங்கண்டு தானும் சோர்ந்து வீழ்தல் கருணையாகாது.

இப்பயிற்சியின் பயனுக்கு ஒரு கதையும் அவ்வியலில் உண்டு. பாடலிபுத்திரத்து விசாகர் இலங்கைக்கு வந்து துறவுபூண்டு, சித்தலபர்வதத்தில் தங்கினார். அவர் அவ்விடம் விட்டுச் செல்ல எண்ணிய இரவில் மரத்துறை தெய்வம் ஒன்று அழுதது. அவர் இருக்குந்துணையும் தம்முள் இணங்கி வாழ்ந்த தெய்வங்கள், அவர் சென்றபின் பூசலிடும் என்பதே அதன் கவலை. அவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒருவர் உள்ளத்திற் பயின்ற அருள் அயலார் பகையையும் தணிக்கும் என்பதே இக்கதையின் கருத்தாகும்.