கண்டல் கரையில் கரைந்த ஊர்ப்பெயர்

பிரெஞ்சுக் கயானாவிலோ குவாதலூப்பிலோ தம் பூட்டனின் ஊரைத் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது புதுச்சேரியின் பிரெஞ்சுப் பெயரான ‘பொந்திஷேரி’ என்ற ஒற்றைச் சொல். அது அவர் பிறந்த ஊரைக் குறிப்பதாக நம்பித்தான் பலரும் தேடலைத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது கப்பலேறிய துறையின் பெயர் மட்டுமே. வில்லியனூரா, பாகூரா, அல்லது எல்லை தாண்டி வந்த தென்னார்க்காட்டுச் சிற்றூரா என்பதை அச்சொல் சொல்வதில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் 1848இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 27இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேற, தோட்டக்காரர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். 1853இல் மார்த்தினிக், 1854 டிசம்பர் 24இல் குவாதலூப், 1856இல் கயானா என ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்கள் அடுத்தடுத்துக் கரை சேர்ந்தன.

பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டு நிலமாக இருந்ததில்லை. அதன் கிராமங்கள் பிரிட்டிஷ் நிலத்துக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடந்தன. ஒரு கழனி பிரெஞ்சுக்காரனுடையது என்றால் வரப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் ஆட்சி. 1861 ஜூலை 1இல் இரு அரசுகளும் செய்த உடன்படிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவின் குடிகளிலிருந்தும் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு ஆளெடுக்க வழி திறந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் கப்பலேற்றும் துறைகளாயின. எந்த ஊரிலிருந்து வந்தாலும், ஏறிய இடம் ‘பொந்திஷேரி’தான்.

ஒப்பந்தக் காலம் 5 ஆண்டு. வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது உடன்படிக்கை. காகிதத்தில் இருந்ததற்கும் தோட்டத்தில் நடந்ததற்கும் தூரம் அதிகம்.

கயானாவின் கடற்கரையோரம் சேறும் கண்டல் காடுமாகக் கிடக்கும் தாழ்நிலம். அதைப் பயிர்நிலமாக்க அணை கட்டி, கால்வாய் வெட்டி, மதகு வைத்து, கடல் ஏற்றத்தைத் தடுத்து மழைநீரை வடிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிஸ் பொறியாளர் கிசான் அங்கே அந்த முறையைப் பரப்பினார். அப்ருவாக் ஆற்றுப் பகுதியில் கால்வாய்கள் வெட்டுவித்தார். அவற்றைத் தோண்டிய கைகள் அடிமைகளுடையவை. பின்னால் கூலியாக அங்கே போன பாகூர்ப் பக்கத்து உழவருக்கு மதகும் வாய்க்காலும் புதிதல்ல. தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் வழியே வாங்கும் ஏரி அவர்களுடையது. ஆனால் ஏரிக்கரையில் நீரைத் தேக்குவது வேலை. கயானாவின் சேற்றிலோ நீரை வெளியே தள்ளுவதே வேலை.

பலருக்கு அந்த வயல்வேலைகூட நிலைக்கவில்லை. 1855இல் அப்ருவாக் ஆற்றின் கிளையில் பொன் கிடைத்தது. இந்தியத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் காட்டுச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காய்ச்சலும் கடும் உழைப்பும் உயிர்களைக் கொண்டுபோக, 1876இல் பிரிட்டிஷ் அரசு கயானாவுக்கு ஆளனுப்புவதைத் தடுத்தது. அதற்குள் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். குவாதலூப்புக்குப் போனவர்களோ 1889 வரை 40,000த்துக்கும் மேல்.

தேடலின் அடுத்த முடிச்சு பெயர். தமிழ்க் கிராமத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் தலைப்பெழுத்து மகனுக்கு. பேரனுக்கு அது மாறிவிடும். பிரெஞ்சுப் பதிவேட்டிலோ ஒருவரின் பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. முத்துசாமி என்ற பெயர் ‘முத்துசமி’யாகி, அவர்தம் வழித்தோன்றல்கள் அனைவருக்கும் ஒட்டிக்கொண்டது. குவாதலூப்பில் 1863இல் பிறந்து, இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் வழக்காடி 1923இல் வென்ற ஆன்ரி சிதம்பரத்தின் குடும்பப் பெயர் அப்படி உறைந்த ஒரு தமிழ் ஆண்பெயரே.

கூலிகள் கப்பலேறிய அதே காலத்தில் புதுச்சேரியிலும் ஒரு பெயர்மாற்றம் நடந்தது. 1881 செப்டம்பர் 21 அரசாணையின்படி, தம் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாப்போர்த்’ ஆனது அப்படித்தான். துறக்காதவர்கள் தலைப்பெழுத்தோடு தொடர்ந்தார்கள். ஆகவே ஒரே பாட்டனின் கிளைகள் இன்று வேறு வேறு பெயரில் இருக்கலாம். ‘முத்துசமி குடும்பம் எது?’ என்று பாகூரில் கேட்டால் விடை கிடைக்காது.

எனவே தேடுபவர்கள் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். முதலில் குடியேற்றப் பதிவேட்டில் கப்பலின் பெயரும் வந்த நாளும். பிறகு ஆளின் வயதும் பெற்றோர் பெயரும். பிரான்சின் எக்ஸ்-அன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த குடியேற்றங்களின் ஆவணக்காப்பகத்தில் பிரெஞ்சிந்தியக் கோப்புகள் இருக்கின்றன. புதுச்சேரியில் தேசிய ஆவணக்காப்பகத்தின் பிரிவு இயங்குகிறது. ஊர்ப்பெயர் வாய்த்தாலும் அதன் எழுத்தைத் திரும்பத் தமிழில் படித்தாக வேண்டும்: ‘வில்லெனூர்’ என்பது வில்லியனூர். 1880 மார்ச் 12 ஆணைக்கு முன் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களே (உள்ளாட்சிப் பிரிவுகளே) அல்ல. எனவே அதற்கு முன் கப்பலேறியவரைத் தேடுபவர் கொம்யூன் பெயரில் நின்றுவிடாமல், அதற்குள் அடங்கிய ஒவ்வொரு கிராமத்தின் பெயரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.