பழைய கார் வெச்சிருக்கீங்களா? இந்த ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க!

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்குப் பழைய மாருதி 800-ல் போகிறார் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்தால் கார் இல்லை. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால், திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட கிடைக்காது.

பழைய கார் ஏன் ஈஸி?

புதிய கார்களின் சாவிக்குள் சிப் இருக்கும். அதன் குறியீடு பொருந்தினால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். இதுதான் இம்மொபிலைசர். பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். 1983-ல் வந்த மாருதி 800-ல் இது கிடையாது.

சுவிட்சை எங்கே வைக்கணும்?

* ஸ்டார்ட்டர் வயரில் மட்டும் வைத்தால் போதாது. தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம்.
* கார்புரேட்டர் பெட்ரோல் கார்: இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரில்.
* இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்: பெட்ரோல் பம்ப் வயரில். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும்.
* பழைய டீசல் கார்: இக்னிஷன் காயில் கிடையாது. டீசலை நிறுத்தும் சோலினாய்டு வயரில்.

எது கவனம்?

கால், முட்டி படும் இடத்தில் சுவிட்ச் வேண்டாம். ஓடும்போது இன்ஜின் அணைந்தால் பிரேக்கை மிதிப்பதே கஷ்டமாகிவிடும். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் ஃபியூஸோடு போடுங்கள்.

சுவிட்சை அணைக்க அடிக்கடி மறந்துபோகிறதா? தனியாக வாங்கிப் பொருத்தும் இம்மொபிலைசர் நல்லது; பெரும்பாலும் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

கட்டி இழுத்துப் போவதை இரண்டுமே தடுக்காது. அதனால் ஸ்டீயரிங் லாக்கும் போட்டுவிட்டே இறங்குங்கள்.