பத்திரத்தில் யார் பெயர்?

மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது வீடும் மனையும் யாருக்கு என்ற கேள்வியைப் பெருநகரத்துப் புதுப்பழக்கம் கொண்டுவந்த சிக்கலாகவே பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்ட வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒருவனோடு அவன் சாகும்வரை வாழ்ந்த ஆசைநாயகிக்கு அவன் விட்டுப்போன சொத்திலிருந்து ஜீவனாம்சம் தர வேண்டும் என்றது பழைய இந்துச் சட்டம், பங்கு தரவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சார்ந்திருப்போர் பட்டியலில் அவளைச் சேர்க்கவே இல்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்த்தபோது, ஊரறிய மாலை மாற்றிக்கொண்டவர்களும் சட்டத்துக்கு மணமாகாதவர்கள் ஆனார்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம்தான், ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்து, அவற்றைச் செல்லுபடியாக்கியது. ஆக, யார் மனைவி என்பதே வழக்காடித் தீர்க்க வேண்டிய விஷயமாக நெடுநாள் இருந்திருக்கிறது. அந்த வாதத்திலேயே சொத்துக் கேள்வியும் சிக்கிக்கொண்டது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வட்டாரத்தில் அது வேறு உருவம் எடுத்ததாகவே நான் கருதுகிறேன். பாலாற்றுத் தண்ணீரிலும் ஆவாரம்பட்டையிலும் பதனிட்ட தோல் லண்டனுக்குக் கப்பலேறிய நாளில் டேனரி வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. 1970-களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையான சரக்காக அனுப்பத் தூண்டியது. ஷூ கம்பெனிகள் பெருகின; தையல் மெஷின்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மாதச் சம்பளம் மனைத் தவணைக்குப் போனால், பிரியும் நாளில் அவள் கேட்பது ஜீவனாம்சம் அல்ல, தான் போட்ட பணம். இதற்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பொருந்தும். இருவர் பெயரில் வாங்கிய சொத்தில் அவரவர் கொடுத்த தொகைக்கு ஏற்பப் பங்கு. கணக்கு காட்ட முடியாவிட்டால் சரிபாதி. தாலியா, நிக்காஹ்வா, எதுவுமில்லையா என்று அது கேட்பதில்லை. கூறுபோட முடியாத சிறு வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கவும், ஒருவர் பங்கை மற்றவர் விலைக்கு எடுக்கவும் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழிவைத்திருக்கிறது.

நீண்டநாள் சேர்ந்து வாழ்ந்தாலே நீதிமன்றம் திருமணமாக ஊகிக்குமே என்று கேட்கலாம். ஊகிக்கும், ஆனால் இரண்டாம் மணத்தை ஏற்காத சட்டத்தின்கீழ் அவனுக்கு முதல் மனைவி இருந்தால் ஊகம் உடைந்துவிடும். 2010-ல் கோவை வழக்கொன்றில், திருமணத்தை ஒத்த உறவுக்கு இருவரும் மணம்புரியத் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறதே என்றால், அது வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது, வீட்டைத் தரவில்லை. இதைவிடக் கடினமான தடை பினாமிச் சட்டம். பணம் அவளுடையது, பத்திரம் அவன் பெயரில் என்றால், உண்மையான உரிமையாளர் நான்தான் என்று வழக்குப் போடுவதை 1988-லேயே அது அடைத்துவிட்டது. கணவன் அல்லது மனைவி பெயரில், கணக்குள்ள பணத்தில் வாங்கியதற்கு 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு தருகிறது. மணமாகாதவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. திருமணம் என்ற கேள்வி வாசல் வழியாகப் போய் ஜன்னல் வழியாகத் திரும்பி வருகிறது. எனவே சேர்ந்து மனை வாங்குவோர் சார்பதிவாளர் அலுவலகம் போகுமுன் கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயரையும், அவரவர் தந்த தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.