மூத்த பிள்ளைக்குப் பதினாலு வயசு ஆகும்போது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வருகைப் பதிவேட்டில் ஒரு விஷயம் வருடந்தோறும் கண்ணில் படும். ஏழாவது, எட்டாவதில் பள்ளியை விட்டு நிற்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு மூத்தவர்கள். பையன் என்றால் அப்பாவோடு ஏரிக்குப் போவான். பெண் என்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அம்மா மீன்கூடையோடு கிளம்பியிருப்பார். தம்பி தங்கைகள் மட்டும் தொடர்ந்து பள்ளிக்கு வருவார்கள். "அவனுக்குப் படிப்பு ஏறலை சார்" என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. நின்றுபோனவர்களில் கணக்கில் புலிகள் இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சயானோவ் என்ற ருஷ்யப் பொருளாதார அறிஞரைப் பற்றிப் படித்தேன். குடியானவர் குடும்பங்களை ஆராய்ந்து 1925-ல் நூல் எழுதியவர். ஸ்டாலின் ஆட்சியில் 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு வீட்டில் சாப்பிடும் வாய் எத்தனை, உழைக்கும் கை எத்தனை? கல்யாணமான புதிதில் இரண்டும் சமம். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வாய் கூடுகிறது, கை கூடுவதில்லை. பாரம் ஏறிக்கொண்டே போய், ஏறக்குறைய பதினாலாவது வருடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு மூத்த பிள்ளை உழைக்கத் தொடங்கியதும் இறங்குகிறது. பதினாலு என்றால் நம் எட்டாம் வகுப்பு!

இந்தக் கணக்கை நம் ஏரியின் பாடு முறையோடு வைத்துப் பாருங்கள். பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் ஏரியின் நல்ல இடங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று உனக்கு நாளை எனக்கு என்று வலை போடுவார்கள். நம் கடற்கரைக் குப்பங்களில் கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி கொடுப்பான், ஊர்க்கூட்டத்தில் பேசுவான். பங்கு என்பது தலைக்கட்டுக்குத்தான், வாய்க்கு அல்ல. நான்கு சின்னப் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உள்ள வீட்டுக்கும் ஒரு பங்கு, புதுமணத் தம்பதிக்கும் ஒரு பங்கு. மகன்கள் வளர்ந்து ஆளுக்கொரு தலைக்கட்டு ஆனபிறகுதான் அந்த வீடு மூச்சு விடும்.

பாடு நியாயமான முறைதான். பணக்காரன் ஏரியை வளைத்துப் போடாமல் பல தலைமுறை காத்திருக்கிறது. ஆனால் அந்த நியாயம் உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பாடு கிடையாது. இதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது.

சாதாரண காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வருடத்தில் நெருக்கடி வரும்; அக்கம்பக்கம் தாங்கிக்கொள்ளும். பஞ்சம் வந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வரும். ஒல்லாந்தர் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். துணி வாங்க வந்தவர்கள் ஆட்களையும் வாங்கினார்கள். 1622-23 வறட்சியின்போது பழவேற்காடு உள்ளிட்ட சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் பெற்றோர் பிள்ளைகளை விற்றிருக்கிறார்கள். தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் செதுக்கு வேலையைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அங்கே போனால் அந்தப் பிள்ளைகளின் நினைவுதான் வரும்.

சயானோவ் கணக்கில் வாயைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. 1956-ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவை விரிவாகக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கி, 1984-ல் பதினைந்து வயது வரை நீட்டினார். சோறு போட்டால் படிப்பு வந்துவிடுமா என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஒரு வேளைச் சாப்பாடு வீட்டுக் கணக்கிலிருந்து கழிந்தால் மூத்தவன் இன்னும் ஒரு வருடம் பெஞ்சில் உட்காருவான். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். முதியோர் உதவித்தொகை 1962-ல் வந்ததும் இதே கணக்கின் மறுமுனைதான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அது ஆறு வயது முதல் பதினாலு வரைக்கும். பாரம் எங்கே உச்சியில் நிற்கிறதோ, சரியாக அங்கே சட்டம் கையை விட்டுவிடுகிறது. இதற்கிடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறாலும் நண்டும் குறைந்தால், உழைக்கும் கை இருந்தும் பயனில்லை. இப்போது மூத்தவன் ஏரிக்குப் போவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு ஷேர் ஆட்டோ ஏறுகிறான்.

உங்களில் யார் வீட்டிலாவது தாத்தா காலத்துப் பாடு நோட்டு, தலைக்கட்டு வரி எழுதிய நோட்டு இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு மூத்தவர்கள், பள்ளியை விட்ட வருடத்தையும் அப்போது வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். கரையானுக்குப் போகும் முன் சேர்த்து வைக்க ஆசை.