எச் என்ற எண் பிறந்த கதை

ஓர் அணு இயற்பியலாளரின் தன்விவரக் குறிப்பைப் புரட்டினால் கட்டுரைகளின் பட்டியலுக்கு முன்பே ஓர் எண் கண்ணில் படும்: எச்-இன்டெக்ஸ். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாவற்றிலும் இன்று அந்த எண்ணுக்குப் பங்குண்டு. அதற்கு வயது இருபதுக்குச் சற்று மேல்தான்.

அந்த எண்ணுக்கு அடிப்படையான, மேற்கோள்களை எண்ணும் வழக்கம் அறிவியலில் தொடங்கவில்லை, வக்கீல்களிடம் தொடங்கியது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று தெரியாமல் வாதாட முடியாது. 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் அந்த விவரங்களைத் தொகுத்து விற்கத் தொடங்கினார். அந்த முறையை ஆய்வுக்கட்டுரைகளுக்கும் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் எழுதினார். அறுபதுகளில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' வெளிவந்தது. யார் யாரை மேற்கோள் காட்டினார் என்பதைத் தேடிப் பிடிக்க உதவுவதுதான் அதன் முதல் நோக்கம். ஆளை எடைபோடும் வேலை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

புவெனஸ் ஐரிஸில் பிறந்த ஹோர்ஹே ஹிர்ஷ், சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். மீகடத்தலுக்கு, அதாவது சில பொருள்களில் மின்சாரம் தடையின்றிப் பாய்வதற்கு, எல்லாரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் தவறு என்று பல ஆண்டுகளாக வாதாடி வருபவர். கட்டுரை எந்த ஆய்விதழில் வந்தது என்பதை வைத்தே ஆளுக்கு மதிப்புப் போட்ட காலம் அது. பெரிய இதழ்களின் வாசல் தமக்கு எளிதில் திறக்காவிட்டாலும் தம் கட்டுரைகளைப் பிறர் எடுத்தாள்வதை அவர் கண்டார். இதழின் பெயரைத் தள்ளிவிட்டு, கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்களையே பார்த்தால் என்ன? எச்-இன்டெக்ஸை முன்வைத்து அவர் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை 2005 நவம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது.

கணக்கு எளிது: குறைந்தது எத்தனை மேற்கோளோ, அத்தனை கட்டுரைகள் இருக்கவேண்டும். ஓர் ஆய்வாளரின் ஏழு கட்டுரைகள் முறையே 90, 41, 22, 9, 7, 5, 3 மேற்கோள்கள் பெற்றதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 7, ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5, ஆறை எட்டவில்லை. ஆகவே அவருடைய எச் 5. ஹிர்ஷ் அன்றே தந்த பட்டியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 62.

இதே கணக்கை வேறோர் இயற்பியலாளர் தம் சைக்கிளுக்குப் போட்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆர்தர் எடிங்டன் குறைந்தது எத்தனை மைலோ அத்தனை நாள் ஓட்டினேன் என்று ஓர் எண் வைத்திருந்தார். அந்த எண் எழுபதைத் தாண்டியதைக் கடிதத்தில் தெரிவித்தது நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு. வெண்குள்ள விண்மீன்கள் பற்றி இருவருக்கும் இடையே நடந்த கடும் கருத்து மோதலுக்குப் பிறகும் அந்தக் கடிதங்கள் நிற்கவில்லை.

அணு இயற்பியலில் எச்-இன்டெக்ஸ் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். 1939 பிப்ரவரியில் லீசா மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷ்ஷும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார்கள். யுரேனியக் கரு இரண்டாகப் பிளக்கிறது என்று விளக்கிய கடிதம் அது. உலகத்தின் போக்கையே மாற்றிய அந்தக் கண்டுபிடிப்புக்கு எச் கணக்கில் ஒரே ஓர் இடம்தான். எத்தனை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் அது ஒரு கட்டுரைதான். மறுபக்கம், ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் செர்ன் துகள் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். தனியாக உட்கார்ந்து கோட்பாடு எழுதுகிறவரையும் பெரிய கூட்டணியில் உழைக்கிறவரையும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். இருவரில் யார் குறைந்தவர் என்பதல்ல கேள்வி. இருவர் உழைப்பும் அந்த எண்ணுக்குள் தெரிவதில்லை.

ஒரே எண் யாரையும் முழுசாகக் காட்டாது என்று ஹிர்ஷ் முதல் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். தேர்வுக் குழுக்கள் எண்ணை எடுத்துக்கொண்டன, எச்சரிக்கையை விட்டுவிட்டன. 2020-இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் செய்திமடல் ஒன்றில் அவரே மனம் திறந்து எழுதினார்: தம் எண் மோசமாகத் தவறக்கூடும், எதிர்பாராத தீங்கும் விளைவிக்கக்கூடும் என்று. பெரும்பான்மையோர் ஏற்ற கோட்பாட்டை மறுப்பவரின் கட்டுரையை யாரும் மேற்கோள் காட்ட முன்வருவதில்லை என்பது அவர் வாதம். மீகடத்தல் பற்றிய தம் மாற்றுக் கருத்தையே அதற்கு அவர் சான்றாக வைத்தார்.