லனார்க்சயர்ப் பாற்பரிசோதனையும் கொசெற்றின் கண்டனமும்

பிள்ளைகளின் வளர்ச்சிக்குப் பால் எத்துணைப் பயன்படும் என்பதை அளந்து காண்பதற்கு நிகழ்ந்த பரிசோதனைகளுள் பெரியதொன்று, 1930ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டின் லனார்க்சயர்ப் பகுதியில் நடைபெற்றது. நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உருக்காலைகளும் மலிந்த அப்பகுதியில் வேலையின்மையும் வறுமையும் அந்நாளிற் குடிகொண்டிருந்தன. 67 பாடசாலைகளிலிருந்து ஏறக்குறைய 20,000 பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 5,000 பேர் நாடோறும் முக்காற் பைந்து காய்ச்சாத பாலையும், வேறு 5,000 பேர் அதே அளவு பாச்சர் முறைப்படி சூடாக்கிய பாலையும் பருகினர். எஞ்சிய 10,000 பேர் பால் பெறாது ஒப்புநோக்குதற்கு நின்றனர். பெப்புருவரியில் ஒருமுறையும் யூனில் ஒருமுறையும் அனைவரது நிறையும் உயரமும் அளக்கப்பட்டன.

லெய்ற்றன், மக்கின்லி என்னும் இருவர் எழுதிய அறிக்கையை ஸ்கொத்லாந்துச் சுகாதாரத் திணைக்களம் அவ்வாண்டிலேயே வெளியிட்டது. பால் வளர்ச்சியைத் தூண்டுகின்றது என்பது அதன் முதல் முடிபு. காய்ச்சாத பாலும் சூடாக்கிய பாலும் அவ்வகையில் ஒத்தனவே என்பது மற்றொன்று. இரண்டாவது முடிபு சிறிய செய்தியன்று. நோயுற்ற பசுக்களின் பால்வழிப் பரவிய காசநோய் பிள்ளைகளின் உயிரைக் கவர்ந்துகொண்டிருந்த காலம் அது. சூடாக்கினாற் பாலின் சத்துக் கெடும் என்று வாதித்தவர்களும் பலராயிருந்தனர்.

அடுத்த ஆண்டில் ‘பயோமெத்திரிக்கா’ என்னும் ஆராய்ச்சி ஏட்டில் இப்பரிசோதனையைக் கண்டித்து ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பெயர் ‘மாணவன்’ என்றிருந்தது. டப்ளின் நகரில் கின்னசு மதுவடிசாலையிற் பணியாற்றிய வில்லியம் சீலி கொசெற் என்பாரின் புனைபெயர் அது; பணியாளர் தம் பெயரில் ஆராய்ச்சி வெளியிடுதலை அந்நிறுவனம் அனுமதித்திலது. 1908இல் மிகச் சில அளவீடுகளைக் கொண்டே நம்பத்தக்க முடிபு காணும் வழியை வகுத்தவர் இவரே. சிறு தொகையின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர் இருபதினாயிரம் என்னும் பெருந்தொகையின் குறையைக் காட்ட முன்வந்தமை வியப்பன்று; தொகையின் பெருமை கண்டு மயங்காமைக்கு வேண்டிய பயிற்சி அவருக்கே இருந்தது.

பால் பெறுவார் யார், பெறாதார் யார் என்பதைத் திருவுளச்சீட்டாலோ அகரவரிசையாலோ முடிவுசெய்யுமாறு பாடசாலைகளுக்குக் கூறப்பட்டிருந்தது. அவ்வளவில் நிறுத்தியிருந்தால் இடர் இல்லை. ஆனால், ஒரு கூட்டத்தில் நன்கு உண்டு வளர்ந்தவரோ மெலிந்தவரோ மிகுந்து காணப்படின், சிலரை மாற்றிச் சமன்செய்யலாம் என்று ஆசிரியர்களுக்கு உரிமையும் அளிக்கப்பட்டது. விளைவு யாதெனில், பரிசோதனை தொடங்கிய நாளிலேயே பால் பெறாத பிள்ளைகள் மற்றவரினும் நிறையில் ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தி நின்றனர். மெலிந்த பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று ஆசிரியரின் நெஞ்சம் தம்மை அறியாமலே சாய்ந்திருக்க வேண்டும் என்று கொசெற் கருதினார். பசித்த முகங்களை நாடோறும் கண்ட ஆசிரியரைக் குறைகூற யார் துணிவர்? பிழை, அவர் கையில் அத்தெரிவை ஒப்படைத்த திட்டத்தினுடையது. வறிய பிள்ளைகள் ஒருபுறமும் வசதியுள்ள பிள்ளைகள் மறுபுறமும் திரண்டபின், காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பாலினால் வந்தது, எவ்வளவு வாழ்நிலையால் வந்தது என்று பிரித்தறிதல் அரிது.

உடையும் குழப்பத்தை விளைத்தது. பிள்ளைகள் உடையுடனேயே நிறுக்கப்பட்டனர். குளிர்காலத்திற் கனத்த உடை அணிந்த வசதியுள்ள பிள்ளை யூன் மாதத்தில் மெல்லுடையுடன் வந்தது. வறிய பிள்ளைக்குக் களைதற்கு மேலுடை ஏது? ஆகவே பால் பெறாதார் நிறை கூடியது உள்ளதிற் குறைந்து தோன்றிற்று. பாலின் பயன் அவ்வளவுக்கு மிகுந்து தோன்றிற்று.

இருவகைப் பாலும் ஒரே பாடசாலையில் எங்கும் வழங்கப்படவில்லை என்பது வேறொரு குறை. அதனால் பாலை ஒப்பிடப் புகுந்தவர் உண்மையிற் பாடசாலைகளையே ஒப்பிட்டனர். அதே எண்களைக் கொண்டு பிசரும் பார்ட்லெற்றும் 1931இல் ‘நேச்சர்’ இதழிற் காய்ச்சாத பாலே சிறந்தது என்று அறிக்கைக்கு மாறாக எழுதியமை, அவ்வெண்கள் எத்துணை உறுதியற்றவை என்பதைக் காட்டும். பால் பயனற்றது என்று கொசெற் கூறினாரல்லர். ஒத்த இரட்டைப் பிள்ளைகள் ஐம்பது இணையரைக் கொண்டு, ஒருவர்க்கு ஒரு பாலும் மற்றவர்க்கு மறுபாலும் நாணயம் சுண்டி வழங்கினால், நூற்றில் ஒன்றிரண்டு பங்கு செலவிலேயே தெளிந்த விடை கிடைக்கும் என்பது அவர் காட்டிய வழி.

பிரித்தானிய அரசாங்கம் தெளிந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. 1934இல் மலிவு விலைக்கும் 1946இல் இலவசமாகவும் பாடசாலைகளிற் பால் வழங்கப்பட்டது.

பாடசாலைகளை முழுமையாகக் கூட்டங்களாகப் பிரித்துவிட்டுப் பிள்ளைகளைத் தனித்தனி எண்ணிக் கணக்கிடும் வழு பிற்காலத்தும் ஒழிந்திலது. உடற்பருமன் பற்றிய ஆராய்ச்சிகளில் அது மீளமீளக் காணப்படுவதை டேவிட் அலிசனும் உடனாய்வாளரும் 2016இல் எடுத்துக்காட்டினர். ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரைக் கொண்டு ஒலிவெண்ணெய் சேர்ந்த உணவை ஆராய்ந்து 2013இல் வெளியான புகழ்பெற்ற ஆய்விலும் இத்தகைய குறை இருந்தது. ஓரிடத்தில் ஆட்களுக்குப் பதிலாக மருத்துவ நிலையங்களே முழுமையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே வீட்டார் பலர் சீட்டின்றி ஒரே கூட்டத்திற் சேர்க்கப்பட்டிருந்தனர். கார்லைல் என்னும் ஆங்கில மயக்கமருந்து வைத்தியர் 2017இற் பல்லாயிரம் ஆய்வுகளின் எண்களைச் சோதித்தமையே இதனை வெளிக்கொணர வழிசெய்தது. 2018இல் அவ்வாய்வு மீளப்பெறப்பட்டுத் திருத்தி வெளியிடப்பட்டது. ஐயத்துக்குரிய 1,588 பேரை நீக்கிக் கணித்தபோதும் எண்கள் பெரிதும் மாறவில்லை. எனினும் உணவே காரணம் என்று துணிந்து கூறிய தொடர்களை ஆசிரியர்கள் தளர்த்தி எழுதினர்.