நடந்துகொண்டே பாட ஒரு பாட்டு

என் அறை நண்பன் ஒருவனுக்கு அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த பாடல்கள் என்றால் உயிர். வுடி கத்ரி, பாப் டிலான், கிராம் பார்சன்ஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவான். ஒருநாள் கேட்டான், "ஜனங்க வாயில நிக்கிற மாதிரி பாட்டுக் கட்டினவங்கடா இவங்க. உங்க சேலம், நாமக்கல் பக்கம் அப்படி யார் இருக்கா?"

"மோகனூர்க்காரர் ஒருத்தர் இருக்கார், நாமக்கல் கவிஞர்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "மனப்பாடச் செய்யுள் எழுதினவரா?"

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

வெ. இராமலிங்கம் பிள்ளை 1888 அக்டோபர் 19 அன்று காவிரிக்கரையில் உள்ள மோகனூரில் பிறந்தார். அப்போது அது சேலம் மாவட்டம் (நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான்). அப்பா போலீஸ்காரர். பையனைப் படிக்க வைத்து, ஒரு சர்க்கார் வேலையில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் வீட்டின் ஆசை. அவரும் நாமக்கல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஒட்டவில்லை. பிறகு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை. அதிலும் நிலைக்கவில்லை.

கையில் இருந்த உண்மையான தொழில் ஓவியம். டெல்லி தர்பாரை ஒட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை வரைந்து தங்கப் பதக்கமே வாங்கியிருக்கிறார்! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னரை வரைந்து பரிசு வாங்கிய அதே கைதான் பின்னால் மன்னரின் சட்டத்தை மீறப் போனவர்களுக்குப் பாட்டு எழுதியது.

1930-ம் வருடம். காந்தி தண்டிக்குப் போனதைப் போல ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஒரு நடைப்பயணம். ஏப்ரல் 13-ல் கிளம்பினார்கள். ஏறக்குறைய நூறு தொண்டர்கள், சுமார் 240 கிலோமீட்டர், சித்திரை வெயில். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்துவிட்டார். ஜனங்கள் விடுவார்களா? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். தொண்டர்கள் ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார்.

இந்தப் பயணத்துக்காக எழுதியதுதான் 'கத்தியின்றி ரத்தமின்றி'. அந்தப் பாட்டின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணமாகப் படை நடைப் பாட்டு என்றால் கோபத்தைக் கிளப்ப வேண்டும். இதுவோ தைரியத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் திருப்பி அடிக்கும் வெறியைக் கொடுக்கக் கூடாது. தடியடி விழும் என்று தெரிந்தே போகிறவனுக்கான பாட்டு. அதே சமயம் வெயிலில் மூச்சு வாங்க நடப்பவன் பாட வேண்டும், எழுத்துத் தெரியாதவனும் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் எளிய சொற்கள், காலடிக்குப் பொருந்தும் தாளம்.

"கவித்துவம் குறைவு, பிரச்சாரம் அதிகம்" என்று அவரைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. தனியாக உட்கார்ந்து வாசித்தால் எனக்கும் சில பாடல்கள் அப்படித்தான் தோன்றின. ஆனால் நடப்பதற்காகக் கட்டிய பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து எடை போடுவது நியாயமா? கலெக்டரால் சோற்றுக்குத் தடை போட முடிந்தது. பாட்டைத் தடுக்க முடியவில்லையே.

1932-ல் அவரே ஓராண்டு சிறைக்குப் போனார். 1949-ல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞர் ஆக்கியது. அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவல் 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகிச் சக்கைப் போடு போட்டது. 1971-ல் பத்மபூஷண். 1972 ஆகஸ்ட் 24-ல் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். எந்த சர்க்கார் வேலை ஒட்டவில்லையோ, அதே சர்க்கார் கட்டடம் முழுக்க அவர் பெயர் :-)

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கிதார் ஏந்திய மேடைப் பாடகர் இல்லை. வுடி கத்ரியோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கத்ரி தன் புகழ்பெற்ற தேசப் பாட்டை எழுதியது 1940-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே நம்ம ஊர்க்காரர் ஒருவர் தெருவில் நடப்பவர்களின் வாய்க்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டு எந்த மெட்டுடா?" என்று கேட்டான். பள்ளியில் பாடிய ஞாபகத்தில் முணுமுணுத்துக் காட்டினேன். அவன் விரல் மேசையில் தாளம் போட ஆரம்பித்தது. எனக்கு அது போதும்.

நாமக்கல் போனால் ஆஞ்சநேயரையும் கோட்டையையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கவிஞர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அங்கேயும் ஓர் எட்டு போய்விட்டு வாருங்கள்.